கூடத்துச் சுவரில் ஒரு ரோமானிய இழவு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சாவு தொங்குகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒரு கட்டில் அகலத்துக்குப் பளபளக்கிற அலுமினியத் தகடு. சுவரை ஒட்டாமல் விரல் கனம் தள்ளி நிற்கிறது. அந்த இடுக்கில் மஞ்சள் விளக்கு வேறு. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்ததை எனக்கே அனுப்பியும் வைக்கிறார்கள்.

அதை வாங்கி மாட்டியவர் என் கணவர். எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கோழி, தீவனம், முட்டை விலை இவை தவிர எதைப் பற்றியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். மகளுக்கு வரன் அமைந்ததும் அவருக்குத் திடீரென்று வீட்டு அலங்காரத்தில் ஆசை வந்துவிட்டது. காரணம் திருச்செங்கோட்டில் இருந்தது. நிச்சயத்துக்காக நாங்கள் போயிருந்த அன்று, மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஏழு குதிரைகள் பாய்ந்து வருகிற பெரிய தகட்டுப் படம் ஒன்றைப் பார்த்தார். கையில் கொடுத்த காபி ஆறிப்போனது. திரும்பி வரும்போது காரில் அவர் பேசியதெல்லாம் குதிரைகளைப் பற்றித்தான். மாப்பிள்ளையைப் பற்றி நான்தான் பேசினேன்.

அடுத்த வாரமே சேலத்தில் அப்படித் தகட்டில் அச்சடித்துத் தருகிற கடை ஒன்றைக் கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டிக் காட்டியிருக்கிறார். அருவி, மயில், புத்தர், மறுபடியும் குதிரை. இவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. யார் வீட்டிலும் இல்லாத ஒன்று வேண்டும். கடைசியில் ஏதோ வெளிநாட்டுப் பழைய கற்சிற்பத்தின் படம் வந்திருக்கிறது. நடுவில் உயரமான கட்டில். அதில் ஒருவர் நீட்டிப் படுத்திருக்கிறார். கால்மாட்டில் ஒருவர் குழல் ஊதுகிறார். ஒருவர் கையில் மாலையோடு குனிகிறார். கட்டிலைச் சுற்றிப் பெண்கள் கூட்டம், மூலைக்கு மூலை தீப்பந்தம்.

நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவர் அவர். மலைக்குடைவில் ரங்கநாதர் படுத்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவர். கல்லில் ஒருவர் படுத்திருந்து, சுற்றிலும் பரிவாரம் நின்று, மாலையும் விளக்கும் இருந்தால் அது வேறு யாராக இருக்க முடியும்? வெளிநாட்டிலும் இப்படி ஒரு பெருமாள் பள்ளிகொண்டிருப்பது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. கறுப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று நான் கல்யாணத்துக்கு வெற்றிலையும் வாழைத்தாரும் சொல்லிவைக்கப் பரமத்தி வேலூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தரையெல்லாம் துளை போட்ட தூசி. மாட்டியவர்கள் போய்விட்டிருந்தார்கள். கணவர் விளக்கைப் போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

தெரிந்ததற்குக் காரணம் நான் பார்த்த வேலை. மகள் படிப்புக்காக நாங்கள் பல வருஷம் சேலத்தில் அஸ்தம்பட்டியில் குடியிருந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு ரோமானியர்கள் வருவார்கள். பிள்ளைகள் போரடித்துத் தூங்காமல் இருக்க நூலகத்துத் தடித்த புத்தகங்களிலிருந்து படம் காட்டுவேன். அவற்றில் ஒரு கல்லறைச் சிற்பம் இருந்தது. சுவரில் இருப்பது அதே கல்லா, அதற்குத் தம்பியா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விஷயம் ஒன்றுதான். ரோமானியர்கள் செத்தவர்களை வீட்டுக் கூடத்தில் கிடத்துவார்கள், கால் வாசலைப் பார்த்திருக்க. பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பதில் வராது. பிறகு குழல், பந்தம், தலைமுடியை அவிழ்த்துப் போட்ட பெண்களின் மாரடிப்பு. நம் ஊர்தான்.

"ஏனுங்க, இது எழவுங்க," என்றேன்.

"எது?"

"படத்துல இருக்கறது. கட்டல்ல கெடக்கறது பொணம். சுத்தி நிக்கற பொம்பளைங்க மாரடிச்சு அழுவறாங்க, கையப் பாருங்க."

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கே பாவமாகிவிட்டது.

"கும்புடறாங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"கழட்டச் சொல்லுங்க."

"அளவு குடுத்து அடிச்சது, திருப்பி எடுக்க மாட்டாங்க. நாளைக்குச் சம்பந்தி ஊட்ல இருந்து வாராங்க. படம் வெச்சிருக்கேன்னு போன்ல வேற சொல்லிப்போட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு மட்டுந்தான கண்ணு தெரியும்? வாய வெச்சுட்டுச் சும்மா இரு."

சும்மா இருந்தேன். மறுநாள் சம்பந்தி வந்தார். கூடத்துக்குள் நுழைந்தவர் சட்டென்று துண்டை இடுப்புக்கு இறக்கிக் கைகூப்பினார். "பெருமாளுங்களா?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்க்காமல், "ஆமாங்க, அந்த ஊருப் பெருமாளுங்க," என்றார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். நான் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி, கொஞ்ச நாளைக்கு.

பிறகு என் நங்கை வந்து சேர்ந்தார். நங்கை என்றால் கணவருக்கு அக்கா. கல்யாணத்தை நடத்திக்கொடுக்க வந்தார். வந்த நிமிஷமே வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில் ஏறிவிட்டது. நல்லவர்தான். ஆனால் அவர் இருக்கிற வீட்டில் காற்றும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பெருமாள் சும்மா இருக்கக்கூடாது என்று தகட்டின் மேல் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். செத்தவருக்கு ஒன்று, மாரடிக்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று, குழல்காரருக்கும் ஒன்று. தினமும் காலையில் பத்தி கொளுத்தினார். அவர் பத்தி கொளுத்தும்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். கல்யாண வீட்டுக்கு நடுவில் இழவைத் தொங்கவிட்டு நானும் சேர்ந்து மூடி மறைக்கிறேனே என்று.

நல்ல நாள் பார்த்து முகூர்த்தக்கால் நட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் முடியும்வரை அந்த வீட்டார் துக்கத்துக்குப் போகக்கூடாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தாலே யோசிப்பார்கள், அந்நியம் என்றால் பேச்சே இல்லை. அதிலும் பெண்ணைப் பெற்றவள் சாவு என்கிற சொல்லையே வாயில் எடுக்கக்கூடாது. வீட்டில் யாரும் கண் கலங்கக்கூடாது. இதையெல்லாம் நங்கை எனக்கு ஒருமுறை சொன்னார், வேலைக்கு வருகிற அம்மாவுக்கு ஒருமுறை சொன்னார், பந்தல் போடுகிறவர்களுக்கும் சொன்னார்.

கால் நட்ட மறுநாள் காலை என் தோழி இறந்துபோனாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். எனக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் என் மகள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கிக் கிடப்பாள். நான் பேசுகிற ஒவ்வொரு 'ங்க'வுக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும். "உங்க ஊர்ல நாயைத் துரத்தினாலும் 'போங்க'ன்னுதான் துரத்துவீங்களா?" என்பாள். சாமி கும்பிடமாட்டாள், ஜாதகம் என்றால் முகத்தைச் சுளிப்பாள். எனக்கு அவளைப் போல் இன்னொரு ஆள் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தடித்த புத்தகத்தை ஆசிரியர் அறையில் வைத்துக்கொண்டு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோமில் கூலி கொடுத்து அழுவதற்குப் பெண்களை வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவள் தயிர்சாதத்தை விழுங்கிவிட்டு, "எனக்கு அந்தச் செலவு இல்ல. நீ இருக்கல்ல, சும்மாவே அழுவ," என்றாள். தம்பி ஒருவன் இருக்கிறான், தம்பி மனைவிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அன்று முழுக்கச் சிரிக்கவில்லை.

அந்தத் தம்பிதான் போன் செய்தான். விடிகிற நேரத்தில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். நான் மாடிப்படி மேல்முனையில் நின்று கேட்டேன். கீழே நங்கை முறுக்கு சுடுகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து கணவரிடம் மட்டும் சொன்னேன்.

அவருக்கும் கண் கலங்கியது. என் தோழி கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவர். மெதுவாக, "கால் நட்டாச்சு கண்ணு," என்றார்.

"தெரியுமுங்க. அஸ்தம்பட்டியில டெய்லர்கிட்ட பிளவுசு வாங்கோணும். போயிட்டு வந்தர்றேன்."

அவருக்குப் புரியாமல் இருக்குமா? அஸ்தம்பட்டியைத் தாண்டி ஆத்தூர் ரோட்டைப் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம். "பிளவுசை டிரைவரை உட்டு எடுத்தாரச் சொல்றேன்," என்றார்.

அதோடு விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் பந்தல் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோழிக்குச் சீக்கு வந்து ஊரே கதிகலங்கிய காலத்தில்கூட வீட்டில் தங்காத மனிதர். அன்று பண்ணைக்குப் போகவில்லை. பேப்பரை விரித்து வைத்திருந்தார், பக்கம் புரளவே இல்லை. வாசலுக்கு நான் வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமல் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கி ரோட்டில் வைத்திருப்பேன்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து வழிவிட்டிருந்தாலும் நான் போயிருப்பேனா என்பது சந்தேகம். கேட்டைத் திறந்து தெருவில் இறங்குவது வரை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே என் மகள் முகம் வந்து நின்றது. நான் போய் அழுதுவிட்டு வந்து, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால்? காய்ச்சலோ, கர்ப்பம் கலைவதோ, கணவனோடு சண்டையோ, எது வந்தாலும் நங்கை ஒரு பார்வை பார்ப்பார். அதைவிட, நானே என்னைப் பார்ப்பேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பகுத்தறிவு பாடம் நடத்திய டீச்சர். தோழி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கேட்டில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டுவது சுலபம், எனக்குள் உட்கார்ந்திருந்த பயத்தைத் தாண்டத்தான் எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம், எடுத்திருப்பார்கள் என்று தோன்றிய நேரத்தில் குளியலறைக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரத் தலையோடு வெளியே வந்தால் நங்கை எதிரில். "தலைக்கு ஊத்திக்கிட்டயா சாமி? நல்லது. விளக்கு வெக்கோணும், வா," என்றார். விளக்கு வைத்தேன். மகளிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டோம். மிஸ், மிஸ் என்று என் தோழியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த பெண். கல்யாணத்துக்கு மிஸ் எப்போது வருவார் என்று கேட்டால் காலில் சுளுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அவள் கேட்கவில்லை. கல்யாணக் குஷியில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு அழ ஓர் இடம் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய வீடு. மாடியில் ஒரு அறையில் ஒரம்பரை, அதுதான் சொந்தபந்தம், இன்னொன்றில் சீர்வரிசைப் பாத்திரம், மூன்றாவதில் மகளுக்கு மருதாணி. குளியலறைக் கதவைச் சாத்திய மறு நிமிஷம் யாராவது தட்டுவார்கள். வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழலாம் என்றால் சமையலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள், ஒரு வெங்காயம்கூட என் கைக்கு வரவில்லை. புடவையைப் பார், பூவுக்குச் சொல், பல்லைக் காட்டு. அழுகை வரும், விழுங்குவேன். சாப்பாடு இறங்கவில்லை. "பொண்ணு போறாளேன்னு ஏக்கம்," என்று பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதுதான் நான் அந்தத் தகட்டின் பக்கம் போக ஆரம்பித்தேன். கையில் ஒரு துணி இருந்தால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். கைரேகை படிகிறது, துடைக்க வேண்டும். மேலேயிருந்து துடைத்துக்கொண்டே வருவேன். முதலில் பந்தம், பிறகு குழல்காரர், பிறகு அந்தப் பெண்கள். ஒருத்தி இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்கிறாள். இன்னொருத்தி கூந்தலைப் பிடித்து இழுக்கிறாள். யாரும் அவளை விளக்கு வைக்கிற நேரமாச்சு என்று அதட்டவில்லை. வயிறெரிந்து பார்ப்பேன். பிறகு, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், எனக்கும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்வேன். கட்டிலில் கிடப்பவரின் முகம் தேய்ந்து ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருந்தது. என் தோழியைப் போட்டுக்கொள்ள அது வசதியாக இருந்தது. நங்கை வைத்த பொட்டை மட்டும் அந்த நெற்றியிலிருந்து தினமும் துடைத்துவிடுவேன். அவள் பொட்டு வைப்பதில்லை.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டில் இருந்தார்கள். கூடத்தில் நான் மட்டும். தகட்டில் கையை வைத்தேன். உச்சி வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வகுப்பில் கூப்பிடுகிற அளவு சத்தத்தில். ரோமானியர்கள் கூப்பிட்டது மாதிரி இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன்.

சாப்பாட்டு அறையிலிருந்து நங்கை, "யாரக் கூப்படறே?" என்றார்.

பதில் சொல்வதற்குள் என் கணவர் இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கை கழுவவில்லை. என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். "என்னையத்தான்," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "கல்யாணம் முடியட்டும். நானே ஆத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"போயி ஆரைங்க பாக்கறது?" என்றேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் பட்டுப் புடவையில் வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்றேன். பழைய பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என் கையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பந்திக்குப் போனார்கள். அவர்களுக்கும் முறை தெரியும்.

பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தது. மண்டப வாசலில் பூ சுற்றிய கார். இந்த ஒரு இடத்தில் மட்டும் பெண்ணைப் பெற்றவள் அழலாம். அழாவிட்டால்தான் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் அந்த நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அது வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மகள் குனிந்து என் காலைத் தொட்டாள். அவ்வளவுதான். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினேன். மாரில் அடித்துக்கொண்டேன். கொண்டை அவிழ்ந்து பூ கீழே விழுந்தது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். வீடியோக்காரர் பக்கத்தில் வந்து என் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தார். நங்கை என்னைத் தாங்கிக்கொண்டு, தானும் அழுதுகொண்டே, "ஒத்தப் பொண்ணு, பெத்த வயிறு கேக்குமா," என்று சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னார். எல்லாரும் அழுதார்கள். எனக்கு என் தோழி தயிர்சாதம் சாப்பிடுகிற முகம் மட்டும்தான் தெரிந்தது.

மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்தாள். மாலையின் ஈரம் என் கழுத்தில் பட்டது. காதுக்குள், வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"மிஸ்ஸுக்கு அழுதது போதும்மா. எனக்கும் கொஞ்சம் அழு."

எப்போது தெரியும், யார் சொன்னார்கள், இத்தனை நாள் எப்படிச் சிரித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தாய் என்று எதையும் கேட்க நேரமில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை அப்படியே நின்றுபோயிருந்தது. அவள் பிறந்ததை நினைத்தேன், பள்ளிக்கூட யூனிபார்மை நினைத்தேன், எதை நினைத்தும் ஒரு சொட்டு வரவில்லை. கார்க் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு உள்ளே அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.